ஆளுநர் மாளிகைக்குப் போன மசோதா

சட்டமன்றச் செயலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். எந்த உறையைக் கொடுத்தாலும், வாங்கியவரின் கையெழுத்து தன் பதிவேட்டில் விழாமல் இடத்தை விட்டு நகர மாட்டார். அதனால் ஆபீசில் அவருக்கு 'ஒப்புகை' என்று பெயர். சபையில் நிறைவேறிய மசோதாக்களை ஆளுநர் மாளிகைக்குக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. சபை கைதூக்கினால் மட்டும் போதாது, ஆளுநர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். மற்றவர்களுக்கு அது பாடப்புத்தகச் சமாச்சாரம். அவருக்கு ஆபீஸ் ஜீப்பில் பன்னிரண்டு நிமிஷ தூரம்.

அவருடைய ஒரே தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸ். பதினான்கு வருடமாக ஒப்பந்தத்தில்தான் காலம் ஓடியது. வருடம் முடியப்போகிறது என்றாலே ஒப்பந்தம் நீளுமா என்று கேட்டு அலைவாள். அந்த நர்சுகளை நிரந்தரமாக்கும் மசோதா ஒருவழியாகச் சபையில் நிறைவேறியது. சட்டம் அமலுக்கு வரும் நாளில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. தங்கைக்கு அப்போது நாற்பத்து மூன்று.

அதே வாரம் ஒரு தனியார் மருத்துவமனை அவளைத் தலைமை நர்சாகக் கூப்பிட்டது.

"போகட்டுமா அண்ணா?"

"பைத்தியமா உனக்கு? நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு கையெழுத்துதான் பாக்கி. மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்."

வரவில்லை என்று அவள் அந்த மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் ஆறானது. மாளிகையில் உறைகளை வாங்கிக்கொள்ளும் அம்மாவிடம் அவர் ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார்.

"அந்த நர்ஸ் மசோதா என்னம்மா ஆச்சு?"

"மேல போயிருக்கு சார்."

"போய் ஆறு மாசமாச்சே?"

"மேல போறதுக்குத்தான் எங்கிட்ட பதிவேடு இருக்கு. கீழ வர்றதுக்கு யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது."

அந்தச் சமயத்தில்தான் தனியார் மருத்துவமனையிலிருந்து அவர் வீட்டுக்குப் போன் வந்தது. தங்கை கொடுத்திருந்த எண் அது. வேலைக்கு வைத்த ஆள் சரிப்படவில்லையாம்; இப்போதாவது அவள் வருவாளா என்று கேட்டார்கள். "வரமாட்டா. அவளுக்கு இங்கயே பெர்மனன்ட் ஆகப்போகுது" என்று சொல்லி வைத்துவிட்டார். தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு மாறிவிடுவாளோ என்ற பயம். தன் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதே என்ற வீம்பும் அதில் கொஞ்சம் இருந்தது.

சபையில் கூச்சல், மாளிகையில் மௌனம். இரண்டே கால் வருடம் கழித்து, மறுபடி யோசிக்கச் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தோடு மசோதா திரும்பி வந்தது. தங்கைக்கு நாற்பத்தைந்து முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

சட்டப் பிரிவு அதிகாரியின் மேசை முன் போய் நின்றார். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அந்த வயசு நிபந்தனையை மட்டும் தளர்த்த முடியாதா? தாமதம் பண்ணது அவங்க. இந்தப் பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நியாயம்தான். ஆனா ஒரு எழுத்து மாத்தினாலும், இது வேற மசோதான்னு சொல்லி மறுபடி கிடப்புல போட்டுடுவாங்க. சபை மறுபடி நிறைவேத்தி அப்படியே அனுப்பினா ஆளுநர் மறுக்க வழியில்ல. நானூறு பேர் காத்திருக்காங்க."

மசோதா ஒரே மதியத்தில் எழுத்து மாறாமல் நிறைவேறியது. அவரே கொண்டுபோனார். ஒரு மாதத்தில் கையெழுத்தாகி வந்தது. தங்கையிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள் நிரந்தரமானார்கள். அவர்களுக்கு அவளே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள்.

ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறு, வழக்கம்போல வீட்டுக்கு வந்த தங்கையிடம் அந்தப் போன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டு வரை மடித்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம்." மடித்த துணிகளை ஓரமாக அடுக்கி வைத்தாள். "ஆளுநர் போடாத கையெழுத்துக்கு உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வந்த போனை நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும்ணா."

ஞாயிறுதோறும் வந்தவள் அதன்பிறகு மாதம் ஒருமுறைதான் வந்தாள். வரும்போது சிரித்துத்தான் பேசினாள். அவர்தான், வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும், மேலதிகாரி வந்ததைப் போல எழுந்து நின்றுவிடுவார்.