பறவைக் கோலாவும் வௌவாலும்

அக்காவின் கல்யாணத்தைப் பேசி முடிக்க வந்தவர்களுக்கு அம்மா பறவைக் கோலாக் குழம்பு வைத்ததுதான் எல்லா வம்புக்கும் தொடக்கம். கடலுக்கு மேலே பறக்கிற மீன் அது. அப்பா கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வந்திருந்தார். ராயபுரத்தில் அதற்கு மேல் ஒரு விருந்து கிடையாது என்பது அம்மாவின் எண்ணம்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். படித்தது போகட்டும், அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா இலையில் கிடந்த மீனைப் பார்த்து, "போன ஜென்மத்துல குருவியா இருந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கல்யாணம் முடிவானால் எனக்குப் பட்டுப் பாவாடை என்று சொல்லியிருந்ததால் நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை.

"குருவிக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல அத்தே. குருவிக்கு ரெக்கன்றது கையி. இதுக்குச் செவுளாண்ட கீற துடுப்புதான் நீண்டுகினு போச்சு. பெரிய மீனு தொரத்தசொல்ல எகிறித் தப்பிக்கும்."

அம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள். அதோடு போயிருக்கும். பரணில் தொங்கிய பழைய வலையிலிருந்து, அன்றைக்கென்று பார்த்து, ஒரு வௌவால் இலைகளுக்கு நடுவே விழுந்து தொலைத்தது.

"நல்ல காரியம் பேசசொல்ல இன்னா சகுனம் இது!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறி எழுந்தார். அப்பா துடைப்பத்தை எடுப்பதற்குள் அக்கா முந்தானையால் அதைப் பொத்தி எடுத்துவிட்டாள். பேசாமல் வெளியே விட்டிருக்கலாம். விடுவாளா? ஒரு பக்கச் சிறகை மெதுவாக விரித்து அந்த அம்மாள் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதும் கையிதான், பாரு. இது கட்ட வெரலு. மத்த வெரலுங்க நடுவுல தோலு. ஒன்னப் பாத்து ஒன்னு கத்துக்கல. எத்தினியோ காலமா அததுவா மாறி மாறிப் பறக்க ஆரம்பிச்சுது."

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அம்மா கெஞ்சிக்கொண்டே தெரு வரைக்கும் ஓடினாள். அப்பா அக்காவை முறைத்தார். என் பட்டுப் பாவாடை போயே போய்விட்டது. அக்காவோ வாசல் வேப்பமரத்தில் வௌவாலைப் பத்திரமாகத் தொற்றவிட்டுக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அதுவரை வாயே திறக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், "அப்போ ஈசலு?" என்றார்.

"அதுக்குக் கையே இல்ல. ஆறு காலும் காலாவே கீது. ரெக்க முதுகுல தனியா வந்துச்சு."

அவர் யோசித்தார். மாட்டிய வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார். "பட்டாம்பூச்சி?"

தெருமுனையிலிருந்து அவருடைய அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எல்லாம் கெட்டுப்போன பிறகு இந்த மனிதர் ஏன் போய்த் தொலையாமல் நிற்கிறார், ஒழுங்காக மாட்டிய செருப்பை எதற்குத் திரும்பத் திரும்பக் கழற்றுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.