பேஸ்லெஸ் லட்டு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் வீட்டு ஆங்கில வாத்தியார் நான்தான். அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்து ஸ்டோரில் வேலை, பர்மனென்ட். ஆனால் படித்ததெல்லாம் தமிழில். ஒருநாள் ஆபீஸில் கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்தார். பேஸ்லெஸ்.

அகராதியைப் புரட்டி, 'ஆதாரமற்ற' என்று படித்துக் காட்டினேன்.

"அப்படின்னா நான் எடுக்கலைன்னுதானே?"

"ஆமாப்பா" என்றேன். அப்பா அழுதுவிட்டார். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பியை அவர் வீட்டுக்குக் கடத்துவதாக யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு, விசாரணை நடந்ததாம். அவர் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போன காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் லட்டு வாங்கிவந்தார். பிரமோஷன் வந்தாலும் பிள்ளை பாஸானாலும் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களுக்கு இனிப்புக் கொடுப்பது எங்கள் பிளாக்கில் வழக்கம். அம்மா குறுக்கே நின்றாள்.

"தெரியாதவங்களுக்கும் நாமளே போய்ச் சொல்லணுமா?"

"தப்புப் பண்ணாதவன் எதுக்குடி ஒளிக்கணும்?"

அம்மா வரவில்லை. லட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அப்பா, "என் மேல வந்த கம்ப்ளெயின்ட் பேஸ்லெஸ்னு சொல்லிட்டாங்க" என்பார். "என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்பார்கள். பாவம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அப்பா முதலிலிருந்து கதையைச் சொல்வார். நான் பெருமை தாங்காமல் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வேன்.

எதிர் வரிசை ஆன்ட்டி லட்டை எடுத்துக்கொண்டு, "ஆதாரம் கெடைக்கலீங்களா? நல்லதாப் போச்சுங்க" என்றார். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மீதி வீடுகளுக்கும் போனோம். ஆனால் அவர் பேச்சு சுருங்கிவிட்டது.

அதன்பிறகு அவர் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம், வாசலில் நிற்பவர்கள் அவர் முகத்தைப் பார்க்கும் முன் கையிலிருந்த பையைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பார் மனுஷன். ஒருநாள் பழைய காக்கிப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை ஒன்றில் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு அந்தப் பை அவ்வளவு பிடித்துப்போனது. ஸ்கூலுக்குக் கொண்டுபோக எனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு போனேன்.