மதினியை அழைக்காத நாள்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் என் பெரியப்பா மகன் அண்ணனின் படம் மாட்டியிருக்கிறது. பட்டாளத்து உடுப்பில் இல்லை. கல்யாண வேட்டி சட்டையில் இருக்கிறார். அவர் முழங்கையோரம், படம் முடிகிற இடத்தில், வளையல் போட்ட ஒரு கையின் இரண்டு விரல்கள் மட்டும் தெரியும். யாருடைய விரல் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் சொல்லாமல் இருந்தேன்.

கொடைக்கானல் மலையில் போளூர் போகும் பாதையில், சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற மண். அன்று ஐம்பது வீடுகூட இல்லாத அந்த ஊரிலிருந்து மூன்று பேர் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவுக்குப் போனவர். இன்னொருவர் வடக்கே பனிமலை எல்லையில் இறந்தவர். மூன்றாமவர் அண்ணன்; கிழக்கே வங்கத்துச் சண்டையில் போனார். அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். அதில் மதினியோடு இருந்தது லீவில் வந்த நாற்பது நாள்தான். மூன்று வருஷம் கழித்து மதினியின் அப்பா வந்து மகளை அழைத்துப்போய், கீழே அடுக்கம் என்ற ஊரில் காப்பித் தோட்டம் வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் மதினியின் பேச்சை எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து, மூவர் பேரையும் பொறித்துக் கல் நட ஊர் முடிவு செய்தது. நான் ஊர்ப் பள்ளியில் வாத்தியார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பெரியம்மாவிடம் இருந்த அண்ணன் படம் மலை ஈரத்தில் பூசணம் பூத்துப்போய் முகமே அழிந்திருந்தது. கல்யாணப் படம் ஒன்று மதினியிடம் இருக்கும் என்று அடுக்கத்துக்கு இறங்கினேன்.

"மதினி" என்று கூப்பிட்டதும், முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். அந்த ஊரில் அவரை அப்படிக் கூப்பிட ஆளில்லை. சோறு போட்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் வீட்டுக்காரரே தகரப்பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துவந்தார். மதினி அதை முந்தானையால் துடைத்துத் தந்தார்.

"கல்லு எப்ப நடுறீங்க?"

"குடியரசு தினத்தன்னைக்கு, மதினி. முந்தின நாளே நான் வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன்."

யாரும் கேட்காமல் நானாகக் கொடுத்த வாக்கு அது.

ஊர் திரும்பிச் சொன்னபோது பெரியம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. "அவ புதுத் தாலியோட வந்து நின்னா, எம் மகன் செத்தது எனக்கு மட்டுந்தான்னு ஆயிரும்லடா. அவ வந்தா நான் வரல" என்றார். பெற்றவள் இல்லாமல் கல் நடுவதா? யாரும் மேற்கொண்டு பேசவில்லை. நானும் பேசவில்லை.

கொடைக்கானல் ஸ்டுடியோக்காரர், "பொண்ணும் வேணுமா சார்?" என்று கேட்டார்.

"அவரு மட்டும் போதும்" என்றேன்.

பெரிதாக்கிய படத்தை வாங்கிக்கொண்டு, மதினியின் படத்தை அடுக்கம் போகிற ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினேன். வர வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால், செய்கிற காரியம் இன்னதென்று எனக்கே தெரிந்துபோகும்.

பெரியம்மா போய்ப் பல வருஷமான பின்னும் நான் அடுக்கத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. போன வருஷம் மதினி இறந்த சேதி வந்துதான் போனேன், அதுவும் காரியமெல்லாம் முடிந்த பிறகு. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுக்குமுன் அவரே பேசினார்.

"நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் பாதையில நின்னா. பெறகு வந்து சேலைய மாத்திக்கிட்டா. நீங்க கல்லு நட்ட மறுநாள் நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதுல்ல, பேரு எந்த வரின்னு கேட்டா. காட்டுனேன். தொட்டுப் பாத்துட்டு, 'வாங்க, பஸ்ஸு வந்திரும்'னா. அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்த மறுநாள் போவோம். நீங்க போட்ட மாலை வாடாம கெடக்கும்."

கல்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐம்பது அடி இருக்காது. வேலையில் இருந்தவரை அந்த மறுநாள்களில் எல்லாம் நான் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பேன்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

"'கொழுந்தனாரு அந்த ஊர்லதான இருந்தாகணும்'னு சொல்லுவா. வேற ஒண்ணும் சொன்னதில்ல."

அடுத்து வரும் குடியரசு தினத்துக்கு அவர் அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் காப்பிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம்ங்க. இம்புட்டு நாளும் அவ தன் புருசனப் பாக்கப் போறான்னு தொணைக்குப் போனேன். இனி அங்க நான் எந்த மொறைல வந்து நிக்கிறது?"