கண்ணுக்குத் தெரியாத செலவு

உட்காருவதற்கு முன்னால் இருக்கையை ஒரு குத்துக் குத்துவார். முஷ்டியை மடக்கி, நட்ட நடுவில், ஒரே குத்து. பிறகு கையை எடுத்துக்கொண்டு, அமுங்கின இடம் மேலே எழும்பி வருகிறதா என்று பார்ப்பார். பல் டாக்டர் கிளினிக்கானாலும் சரி, சம்பந்தி வீடானாலும் சரி, இந்தச் சோதனை முடியாமல் அவர் உடம்பு கீழே இறங்காது. "குப்பை. ரெண்டு வருசம் தாங்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதே குப்பையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொள்வார். எங்கள் தெருவில் அவருக்குக் குத்து மாஸ்டர் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடையது குஷன் தைக்கிற கடை. சோபா, நாற்காலி, கார் சீட் எதுவானாலும் பிரித்து, உள்ளே புது ஃபோம் வைத்து, மேலே புதுத் துணி போட்டுத் தருவார். ஒரே அறை. கூரை வரை ஃபோம் அடுக்கியிருக்கும். பசை வாடை சட்டையோடு நம் வீடு வரை வரும். தரையெல்லாம் பழைய சோபாக்களிலிருந்து பிடுங்கிப் போட்ட ஆணிகள் கிடப்பதால் யாரும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வெட்டுவதும் அடிப்பதும் அவர். தைப்பது அவர் மனைவி.

அந்த அம்மாள் ஜன்னலோரம் கால் மெஷினில் உட்கார்ந்திருப்பார். ரெக்ஸின் தடித்த சரக்கு. அதை மடித்துத் தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் முழங்காலிலிருந்து அழுத்த வேண்டும். வலது முட்டி வீங்கி, மேலே எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். பெடல் மிதிப்பதை நிறுத்து, மோட்டாரில் ஓடுகிற பவர் மெஷின் வாங்கிக்கொள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கென்று புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பணம் சேர்த்து வந்தார்கள்.

மாஸ்டரிடம் ஒரு பாட்டு உண்டு. வருகிற ஒவ்வொருவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "மேல துணியப் பாத்து மயங்காதீங்கம்மா. துணி நாலு நாளைக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். உள்ள என்ன வைக்கிறோம்னு கேளுங்க. உள்ள காசு மிச்சம் புடிச்சீங்கன்னா, அப்புறம் உக்காரும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுவீங்க." மட்டமான ஃபோம் போதும் என்று அடம்பிடித்தவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். என் நாற்காலிக்கும் அப்படித்தான் பேசிப் பேசி உசத்தி சரக்கைத் தலையில் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தேன். குஷன் இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கிறது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடை முன்பு பெரிய ரோட்டில் இருந்தது. வாடகை கையைக் கடித்ததால் பின்சந்துக்கு வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்களே வழி தெரியாமல் திரும்பிப் போனார்கள். வெப்சைட் ஒன்று வைத்தால் ஆள் தேடி வரும் என்று யாரோ சொல்ல, மாஸ்டர் பவர் மெஷின் பணத்தில் கைவைத்தார். "மொதல்ல ஆளு வரட்டும். ஆளு வந்தா மெஷின் தானா வரும்" என்றார் மனைவியிடம். அந்த அம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே "சரி" என்றார்.

வெப்சைட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கொட்டேஷனோடு வந்த அன்று, என் நாற்காலியின் கை கழன்றுவிட்டதால் நானும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பொறுமையான பெண். முதல் பக்கம், படங்கள், போன் நம்பர், சந்துக்கு வழி காட்டும் மேப் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார். தாளைத் திருப்பினாள். வருடா வருடம் பராமரிக்க ஒரு தொகை, கண்டவன் உள்ளே நுழைந்து கெடுக்காமல் காக்க ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்க ஒரு தொகை. மாஸ்டரின் தலை ஆடுவது நின்றது.

"இதெல்லாம் பாக்குறவங்க கண்ணுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார். உள்ள நடக்கிற வேலை."

"தெரியாத வேலைக்கு எதுக்குக் காசு?"

துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியை எடுத்தார். அந்த வரிகளின் மேல் இழுத்தார் ஒரு கோடு. மிச்சமாகிற பணத்துக்கு நல்ல போட்டோக்காரரை வைத்துப் படம் எடுக்க வேண்டும், சிவப்பு வெல்வெட் சோபா ஒன்று முதல் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

ஜன்னலோரம் மெஷின் நின்றது. "தினமும் வர்றவங்ககிட்ட நீங்க சொல்றதத்தானே அந்தப் பொண்ணும் சொல்லுது" என்றார் மனைவி.

"நீ தை."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த வரிகள் இல்லாமல் செய்து தர முடியாது என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். "பாத்தீங்களா சார், அதுலதான் அவங்களுக்கு லாபமே" என்று என்னிடம் கண்ணடித்தார் மாஸ்டர். பிறகு சந்து முனையிலிருந்த மொபைல் கடைக்காரர் பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டார். வெல்வெட் சோபா சுற்றியது. மாஸ்டர் அந்த வெப்சைட் முகவரியைத் துணி லேபிள்களில் அச்சடித்து, கடையை விட்டுப் போகிற ஒவ்வொரு சோபாவின் அடியிலும் தைக்கச் சொன்னார்.

பலித்தது என்றே சொல்ல வேண்டும். போன் வந்தது, ஆட்கள் சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் பார்த்தவர்களிடமெல்லாம் போனை நீட்டி, சுற்றும் சோபாவைக் காட்டினார். ஒரு ஹோட்டல் மேனேஜர், தன் ஹோட்டல் நாற்காலிகள் மொத்தத்துக்கும் பேசி முடித்தார். முதலாளி ஒரு வார்த்தை சரி என்றால் முன்பணம் கைக்கு வரும், அந்தப் பணத்தில் பவர் மெஷின். மாஸ்டர் ஜன்னலோரம் மெஷினுக்கு இடம்கூட அளந்து வைத்தார்.

முதலாளிக்குக் காட்டுவதற்காக மேனேஜர் வெப்சைட்டைத் திறந்தபோது சோபா இல்லை. சீட்டுக்கட்டும், அரைகுறை உடையில் சிரிக்கிற பெண்களும், பணம் கட்டி ஆடக் கூப்பிடும் சூதாட்ட விளம்பரமும் இருந்தன. எவனோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். ஆர்டர் அங்கேயே கைவிட்டுப் போனது. "குடும்பத்தோட வர்ற எடங்க நம்ம ஹோட்டல்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேனேஜர் போனை வைத்தாராம்.

மாஸ்டர் மொபைல் கடையில் போய்க் கத்தியிருக்கிறார். "நான் செஞ்சு குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. பாத்துக்கறதுக்கு நீங்க காசு குடுக்கலையே" என்றிருக்கிறார் கடைக்காரர். நகல் இருக்கிறதா என்றதற்கு, அதற்கும் கொடுக்கவில்லை என்று பதில். அந்தக் கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் செய்ய வேண்டும் என்கிறாள். அதற்குப் பணம் எங்கே?

"கம்ப்யூட்டர்காரனுங்க எல்லாம் திருட்டுப் பசங்க சார்" என்றார் என்னிடம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊருக்கே ஃபோமைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற மனிதர், வெறும் உறையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார். அந்த உறையும் பெண்டாட்டியின் முழங்காலை விற்று வாங்கினது. அவர் முகத்தைப் பார்த்தேன். இதையெல்லாம் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தது. இப்போது வருகிறவர்களிடம் அவர் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை. எந்த ஃபோம் வேண்டும் என்று கேட்கிறார், சொன்னதை வைக்கிறார்.

மனைவி சண்டை போட்டிருந்தால் மாஸ்டருக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். "சாப்ட்டீங்களா", "நூல் தீந்துபோச்சு", "இந்தக் கவருக்கு ஜிப் வேணுமா" என்பதோடு அந்த அம்மாள் நிறுத்திக்கொள்கிறார். வீடு வீடாகப் போன சோபாக்களின் அடியில் அந்த முகவரி அப்படியே இருக்கிறது. அந்த லேபிள்களைத் தைத்ததும் அவர் கால்தான்.

போன வாரம் போயிருந்தேன். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, மிச்ச லேபிள்களில் கடைப் பெயரை விட்டுவிட்டு, கீழே இருக்கும் முகவரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ரெக்ஸின் மடிப்பில் ஊசி ஏறாமல் மெஷின் நின்றது. அந்த அம்மாள் பெடலிலிருந்து காலை எடுத்து, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் கத்தரிக்கோலை வைத்தார். தரையோடு நகர்ந்து போய், மெஷினுக்கு அடியில் கைவிட்டு, உள்ளங்கையால் பெடலை அழுத்தினார். ஊசி ஏறி இறங்கியது. துணியைப் பிடிக்க வேண்டிய அந்த அம்மாளின் கை இன்னும் முட்டியிலேயே இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு வீங்கின காலை நீட்டி, புறங்காலால் புருஷனின் கையைப் பெடலிலிருந்து ஒதுக்கித் தள்ளிவிட்டு, மிதிக்க ஆரம்பித்தார்.