சாமந்திக்குள் போன கத்தரி நுனி

ஜப்பானின் மட்சுவே ஊரில் கிசாயோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கவலையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இல்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அடுப்பை மூடினோமா என்று நினைப்பு வந்துவிடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடுவாள். ஓடிப் போய்ப் பார்த்தால் அது மூடித்தான் இருக்கும். அப்படி ஓடித்தான் மகளின் பள்ளி நிறைவு விழாவில் பாதியைக் கோட்டை விட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கிசாயோவுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும்.

கோட்டை அகழியை ஒட்டிய ஹசுமி இனிப்புக்கடையில் அவளுக்கு வேலை. முதலில் கல்லாவில்தான் நின்றாள். மாடியில் பாய் விரித்த அறை ஒன்று சும்மா கிடந்தது. வெளியூர்ப் பயணிகளை அங்கே உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே இனிப்புச் செய்ய வைத்து, தேநீரும் கொடுத்து அனுப்பலாம் என்று முதலாளி ஹசுமிக்குத் தோன்றியது. அந்த வேலையைக் கிசாயோ தலையில் கட்டினார். தேயிலைத்தூளைக் கலக்கி நுரைக்க வைப்பது எங்கள் ஊரில் பெரிய வித்தை இல்லை. வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையில்கூட மூன்று மணிக்குக் கிண்ணம் வந்துவிடும். ஆனாலும் கிசாயோ மிரண்டு போனாள்.

“வெந்நீர் யார் மேலயாவது கொட்டிடுச்சுன்னா?”

“கொட்டாது.”

“பயறு ஒத்துக்காதவங்க வந்தா?”

“முன்னாடியே கேட்டுக்க.”

“நிலநடுக்கம் வந்துட்டா?”

“வந்தா எனக்கும்தான் வரும். போ மேல.”

போனாள். ஆனால் எல்லாவற்றையும் எண்ணி எண்ணித்தான் வேலை செய்தாள். வகுப்புக்கு முன் மரக்கரண்டி, மூங்கில் குச்சி, சல்லடை, கத்தரி என்று எண்ணுவாள். முடிந்த பிறகும் எண்ணுவாள். ஊசி போவது தெரியும், உலக்கை போவது தெரியாது என்று சிலரைச் சொல்வார்கள். இவள் கதை தலைகீழ். உலக்கையையெல்லாம் எண்ணி எண்ணி வைத்தாள், ஊசி போனதுதான் தெரியவில்லை.

அது சாமந்தி பூக்கும் இலையுதிர் மாதம். அன்று பிற்பகல் வந்தவர்கள் மூன்று பேர். தைவானிலிருந்து பெய்ஜென் என்ற பெண், அவளுடைய சின்ன மகள் லேலே, பிறகு முன்பதிவு இல்லாமல் வாசலில் வந்து நின்ற எஸ்கில் என்ற நார்வேக்காரர். எஸ்கில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், முறம் மாதிரி கை. முழங்கால் மடங்காது, ஆனாலும் நாற்காலி வேண்டாம் என்று மண்டியிட்டே உட்கார்ந்தார். முகம் சிவந்தது, வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டியது வந்தால் கைபேசியில் பேசுவார்; அது மொழிபெயர்த்து மேடைப் பேச்சு மாதிரி சொல்லும்.

பயறுப் பூரணத்தை மஞ்சள் மாவுக்குள் வைத்து உருட்டி, மெல்லிய கத்தரியால் உருண்டையைச் சுற்றிச் சுற்றிக் கிள்ளினால் இதழ் இதழாக நிமிரும். அதுதான் கத்தரிச் சாமந்தி. ஆளுக்கு இரண்டு, ஒன்று அங்கேயே தேநீரோடு, இன்னொன்று பெட்டியில் போட்டு ஊருக்கு. ஒரே கத்தரி மூன்று பேர் கையும் மாறியது. லேலே நாக்கை நீட்டிக்கொண்டு வெட்டினாள். அவள் விரல் பக்கம் கத்தரி போகும்போதெல்லாம் கிசாயோவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

இனிப்பு தட்டுக்கு வந்ததும் வழக்கமான பாடத்தைச் சொன்னாள். “இந்தத் தாள மடிச்சு மார்புப் பக்கம் வச்சுக்குங்க. கொட்டை, தோல், இலைன்னு எது சாப்பிட முடியலையோ, அத இந்தத் தாள்ல மடிச்சு நீங்களே எடுத்துட்டுப் போயிடணும். விருந்து வச்சவங்க கண்ணுல படக் கூடாது. பட்டா அவங்க மனசு சங்கடப்படும்.”

கைபேசி அதை நார்வே மொழியில் முழங்கியது. எஸ்கில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரித் தலையாட்டினார். சாப்பிட்டார்கள். பெரிய ஆளுக்கென்று பெரிய வெள்ளைக் கிண்ணத்தில் தேநீர் கலக்கிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் தூக்கி, சொல்லிக் கொடுத்தபடி திருப்பி, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத் தரையில் நெற்றி படக் கும்பிட்டார். ‘இத்தனை ஒழுங்கான விருந்தாளியை நான் பார்த்ததே இல்லை’ என்று கிசாயோ நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

அவர்கள் போன பிறகு கிண்ணங்களைக் கழுவினாள். வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பாக ஒரு கறை. உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு வரக் கூடாதா என்று முணுமுணுத்தபடி தேய்த்தாள். பிறகு கருவிகளை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. கத்தரியைத் துடைக்கையில் துணியில் ஏதோ சொரசொரவென்று மாட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்க நுனியைக் காணோம். அரை அரிசி அளவு உடைந்து போயிருந்தது.

நேற்று கழுவும்போது அந்தக் கத்தரி குழாய் மேல் விழுந்து டங்கென்று சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தபோது முழுசாகத்தான் இருந்தது. விரிசல் விட்டிருந்ததோ என்னவோ.

கீழே போய் ஹசுமியிடம் சொன்னாள். சொல்வதற்குள் நாக்கு நாலு தடவை குழறியது. அவர் திட்டவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், அந்த வயதிலும் பாய் முழுவதும் தவழ்ந்து தேடினார். மீந்த மாவைச் சல்லடையில் தேய்த்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

“அப்ப இனிப்புக்குள்ளதான் போயிருக்கு” என்றார். “இத்தன நாள் சும்மா சுத்திட்டு இருந்த உன் கவலைக்கு இன்னிக்குத்தான் ஒரு வேல கெடச்சிருக்கு. ஓடு. நான் ஃபோன்ல பாக்கறேன்.”

பெய்ஜென்னின் எண் இருந்தது, அடித்தால் எடுக்கவில்லை. முன்பதிவு செய்யாத எஸ்கிலின் எண் கடையில் இல்லை. கிசாயோவுக்கு எஸ்கில் நினைவுகூட வரவில்லை. அவள் கண் முன்னால் நின்றதெல்லாம் லேலேயின் நீட்டிய நாக்கு. சாப்பிட்ட உருண்டையில் இருந்திருந்தால் இந்நேரம் வயிற்றில் இருக்கும். பெட்டியில் இருப்பதில் இருந்தால் இனிமேல் வாய்க்குப் போகும். இரண்டில் எது மேல் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தாள். இரண்டும் மேல் இல்லை.

படகில் போகப் போகிறோம் என்று பெய்ஜென் சொன்னது நினைவு வந்தது. அகழியோரமாகவே விட்டாள். இரண்டாவது பாலத்துக்கு முன்னால் படகு தெரிந்தது. லேலே ஓரத்தில், மடியில் பெட்டி. பெட்டி திறந்திருந்தது.

“கடோவாக்கி-சான்! படக நிறுத்துங்க!”

படகோட்டி கடோவாக்கி நிமிர்ந்து பார்த்தார். “என்ன கிசாயோ-சான், இன்னிக்கு அடுப்பா, கதவா?”

“பொண்ண சாப்பிடாதன்னு சொல்லுங்க!”

“என்னது?”

அதற்குள் பாலம் வந்துவிட்டது. அந்தப் பாலங்கள் தாழ்வானவை. அடியில் நுழையும்போது படகின் கூரை கீழே இறங்கும், உள்ளே இருப்பவர்கள் குப்புறக் குனிய வேண்டும். கூரை இறங்கியது. லேலே பெட்டியோடு மறைந்து போனாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் படகு வெளியே வருவதற்குள் கிசாயோ தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள்.

கூரை எழுந்தது. லேலே சிரித்துக்கொண்டிருந்தாள். பூ பெட்டியிலேயே இருந்தது.

படகு கரையில் ஒதுங்கியது. கிசாயோ பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாக விஷயத்தைச் சொன்னாள். பெய்ஜென்னின் முகம் வெளுத்தது. மகளின் வாயைத் திறந்து பார்த்தாள், தொண்டையைத் தடவினாள், அங்கேயே வைத்து மாறி மாறிக் கேட்டாள். லேலே சாப்பிட்டதில் எதுவும் குத்தவில்லை. அதிலும் பாதிக்கு மேல் சாப்பிட்டது அம்மாதான், அவளுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மிச்சம் இருந்தது பெட்டியில் இருந்த இரண்டு பூ. கிசாயோ குழந்தையின் சாமந்தியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு இதழாக நசுக்கினாள்; பிறகு அம்மாவுடையதையும். பூரணம் விரல் நடுவே பிதுங்கியது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. லேலே ஓவென்று அழுதாள். தன் கையால் செய்ததை இந்தக் கடைக்கார அம்மா ஏன் பிசைகிறாள் என்று அந்தக் குழந்தைக்கு எப்படிப் புரியும்? கிசாயோவுக்கும் அழுகை வந்தது.

“கடைக்கு வாங்க, புதுசா பத்து செஞ்சு தரேன்” என்றாள். பெய்ஜென் தலையை மட்டும் அசைத்தாள். கோபமா மன்னிப்பா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் எஸ்கில் ஞாபகம் வந்தது. இத்தனை நேரம் அந்த மனிதரைப் பற்றி நினைக்கவே இல்லையே என்று தன்னையே வைதுகொண்டாள். எங்கே தேடுவது? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மட்சுவேயில் ஒரு பயணி எங்கே இருப்பான்? ஷிஞ்சி ஏரிக்கரையில், எல்லோரோடும் சேர்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஏரிக்கரைக்குக் கிசாயோ போய்ப் பல வருடம் ஆகிறது. அவள் கணவன் தெத்சுரோ அந்த ஏரியில்தான் கிளிஞ்சல் அள்ளினான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். பிடித்துக்கொண்டது தோள்பட்டையை அல்ல, நெஞ்சை. அது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், மகள் மினோரிக்கும் தெரியும். சாவு வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வந்து, “சொல்ல வேணாம்னுட்டாரு. நீங்க கவலப்படுவீங்கன்னு” என்றார்கள். அந்தப் பேச்சை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கரைப்படியில் எஸ்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி, திறக்காமல். கிசாயோ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மூச்சு வாங்க, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டி, ஒரு விரல் நுனியைக் கிள்ளிக் காட்டினாள்.

பெரிய மனிதரின் முகம் காதுவரை சிவந்தது. திருட்டில் பிடிபட்டவர் மாதிரிச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மடித்த தாளை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தார்.

பிரித்தாள். உள்ளே அரை அரிசி அளவு எஃகு. சுற்றிலும் காய்ந்த ரத்தம்.

வெள்ளைக் கிண்ணம் ஞாபகம் வந்தது. பெய்ஜென் குடித்தது நீலக் கிண்ணத்தில். உதட்டுச் சாயமென்று அவள் தேய்த்துக் கழுவியது இந்த மனிதரின் ரத்தம். அறுபட்ட நாக்கோடு, கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போயிருக்கிறார்.

“நாக்க காட்டுங்க.” தன் நாக்கை நீட்டிக் காட்டினாள். அவர் கீழ்ப்படிந்து நீட்டினார். ஓரத்தில் ஒரு வெட்டு, ரத்தம் நின்றிருந்தது.

எஸ்கில் கைபேசியிடம் தெளிவில்லாத குரலில் ஏதோ சொன்னார். அது முழங்கியது: “தாங்கள் கற்பித்தவாறே நடந்துகொண்டேன். விருந்தளித்தவர் வருந்தலாகாது அன்றோ.”

“யாரு வருந்தக் கூடாது?” கிசாயோவின் குரல் கிறீச்சிட்டது. கரையில் இருந்தவர்கள் சூரியனை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள். “நாக்கு அறுந்தாலும் வாயத் தெறக்க மாட்டீங்களா? நான் அங்க ஒரு கொழந்தையோட பூவப் பிச்சுப் போட்டுட்டு வரேன்! என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் தெரிந்தது. வகுப்பில் அவளே சொல்லிக் கொடுத்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள். பிறகு அந்தக் கல்படியிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, மன்னிப்புக் கேட்டாள். பதறிப்போன எஸ்கிலும் மடங்காத முழங்காலை மடக்கப் பார்த்தார்.

ஹசுமிக்கு அழைத்தாள். “கெடச்சிடுச்சு.”

“அவரு?”

“நாக்குல வெட்டு. தாள்ல மடிச்சு வச்சுக்கிட்டாரு.”

“அங்கேயே இருங்க. வண்டி எடுத்துட்டு வரேன், வைத்தியர்கிட்ட காட்டிடலாம்” என்றார்.

வண்டி வந்து எஸ்கிலை ஏற்றிக்கொண்டு போயிற்று. சைக்கிளை என்ன செய்வது என்று கிசாயோ மட்டும் நின்றுவிட்டாள். சூரியன் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. கையில் இன்னும் அந்தத் தாள்.

மினோரி ரெஞ்சியைக் கட்டிக்கொண்டு ஹிரோஷிமாவில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அழைப்பாள், எல்லாம் நல்லாருக்கு என்பாள். ஆகஸ்டில் முன்னோர் பண்டிகைக்கு வரவில்லை. வேலை அதிகம் என்றாள்.

கிசாயோ கைபேசியை எடுத்தாள். அன்று ஞாயிறு இல்லை.

“அம்மா? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. உனக்கு என்ன ஆச்சு?”

“எனக்கா? எல்லாம் நல்லாத்தாம்மா...”

“நல்லாருக்குன்னு சொல்லாத. நீ சொன்னாலும் கவலப்படுவேன், சொல்லாட்டியும் கவலப்படுவேன். சொல்லிட்டா எதுக்குப் படறேன்னாவது தெரியும்.”

வைத்துவிட்டாளோ என்று கிசாயோ கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

“அம்மா... நானும் ரெஞ்சியும் இப்ப ஒண்ணா இல்ல. ஆகஸ்ட்லேர்ந்து.”

கிசாயோ படியில் உட்கார்ந்தாள். யார் சமைக்கிறார்கள், வாடகை யார் கொடுக்கிறார்கள், அவன் அடித்தானா, இவள் தூங்குகிறாளா என்று கேள்விகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வாய்வரை வந்தன. பல்லைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கினாள். ஒன்றை மட்டும் அவளால் முடியவில்லை.

“கதவுல பூட்டு சரியா இருக்கா?”

“இருக்கும்மா” என்று சொல்லும்போதே மினோரிக்கு அழுகை உடைந்தது.

“சரி” என்றாள் கிசாயோ. தாளைப் பக்கத்தில் படியின் மேல் வைத்தாள். “சொல்லு. நான் கேக்கறேன்.”