வெள்ளி வட்டம் போட்ட வயர்

ஞானசுந்தரிக்கு ஊர் திமிரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்களை டைப் செய்யத்தான் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் தானே குடைந்து பார்த்ததில், நாளடைவில் ஆபீஸிலிருந்த எல்லாப் பெட்டிகளும் அவள் பொறுப்பாகிவிட்டன. யாரும் கொடுத்த பதவியில்லை. செத்தாற்போலக் கிடக்கும் பெட்டி முனகிக்கொண்டு கண் விழிக்கிற அந்தக் கணத்துக்காகவே, நின்றுகொண்டு வரும் பஸ் பயணத்தையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

2006இல் ஒரு வெள்ளிக்கிழமை, வைரஸ் புகுந்து ஷிப்பிங் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"சென்னைலேர்ந்து ஒரு ஆள வரச் சொல்றேன், சுந்தரிம்மா. இனிமே எல்லா சிஸ்டத்தையும் அவனே பாத்துக்கட்டும். உனக்கு டைப்பிங்கே ஜாஸ்தி" என்றார் மேனேஜர் ஜியாவுல்லா. நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் பேஜார்.

"ஜும்மா முடிஞ்சி நீங்க வர்றதுக்குள்ள நானே எழுப்பி வெச்சிட்டா, பாய்?"

"வெச்சிட்டா அவன இன்னாத்துக்குக் கூப்பிடப் போறேன்?"

தொழுகைக்காக ஆண்கள் முக்கால்வாசிப் பேர் கிளம்பிப் போக, ஆபீஸ் அமைதியானது. வைரஸ் பிடித்த பழைய மென்பொருளுக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி.யைப் போட்டாள். அதில் இருந்தது தொடக்கம் மட்டும்தான். மீதியை இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். எந்த இணைப்பு வழியாக என்று திரை கேட்டது: டெலிபோன் மோடமா, நெட்வொர்க் கார்டா?

டெலிபோன் லைனில், ஷூ வாங்கும் ஜெர்மன்காரர்களின் ஃபாக்ஸ் வரும். அதைத் தொடக்கூடாது. கார்டு என்று சொல்லிவிட்டு மேஜைக்குக் கீழே குனிந்தாள். சொருகாத வயர்கள் இரண்டு தொங்கின. எலெக்ட்ரீஷியன் ஹபீப் முதலாளி அறையிலிருந்து இழுத்து விட்டவை. ஒன்றின் முனையில் காகிதம் சுற்றி, அதில் பளிச்சென்று வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. மற்றது வெறுமனே கிடந்தது. வட்டம் போட்டது பிராட்பேண்ட் வயர் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்து சொருகினாள்.

பதில் இல்லை என்றது திரை. மறுபடியும் முயன்றாள். பதில் இல்லை. முதலாளி அறையில் பிராட்பேண்ட் மோடம் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கார்டுதான் போயிருக்க வேண்டும். ஹபீப்பைக் கூப்பிட்டாள், மசூதியில் இருப்பார், போன் அணைந்திருந்தது. டெலிபோன் லைனையே பயன்படுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எழுந்து தண்ணீர் குடிக்க, தோல் வெட்டும் கட்டிங் ஹாலுக்குப் போனாள்.

சாப்பிட்டு முடித்த மார்க்கிங்காரி அன்னம்மாள் வேலையைத் தொடங்கியிருந்தாள். மேஜையில் கறுப்புத் தோல் விரிந்திருந்தது. உண்ணிக்கடி, கீறல், ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் வெள்ளிப் பேனாவால் ஒரு சுழி. வெட்டுகிறவர்கள் சுழியை விட்டு விலகித்தான் அச்சை வைப்பார்கள்.

"இன்னா மேடம், பொட்டி செத்துப்போச்சா? மூஞ்சி அப்டிச் சொல்லுதே."

"இன்னும் இல்லக்கா" என்ற ஞானசுந்தரி, தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஹபீப் அண்ணனும் இந்த ஹால்ல இருந்தவர்தான?"

"ஆமா, மார்க்கிங்ல. கரெண்டு வேலைக்குப் போறதுக்கு முந்தி. அவரு போட்டா தோலே வெள்ளி முலாம் பூசினாப்ல இருக்கும். அவ்ளோ சந்தேகம் புடிச்ச மனுசன்."

தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். இந்தக் கம்பெனியில் வெள்ளி வட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே பழுது, தொடாதே. ஆபீஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது அலங்காரமாகத் தெரிந்திருக்கிறது. வட்டம் போட்ட வயரைப் பிடுங்கிவிட்டு, அடையாளமே இல்லாததைச் சொருகினாள். ஒரு மூச்சு விடும் நேரம் திரை யோசித்தது. பிறகு வரிகள் மளமளவென்று மேலேற ஆரம்பித்தன.

ஜியாவுல்லா அத்தர் வாசனையோடு உள்ளே வந்தபோது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"ஓடுதா?"

"ஓடுது பாய். சாயங்காலத்துக்குள்ள பத்திரம் அடிச்சிடலாம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சைத் தாள் பார்ப்பவரைப் போலத் திரையைப் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது.

"சென்னைக்காரன வேணாம்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, வாணியம்பாடி யூனிட்லயும் ரெண்டு பொட்டி படுத்திருக்குது."

"டைப்பிங்கே ஜாஸ்தின்னீங்களே."

"அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஞானசுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ திங்கக்கிழமை வண்டி அனுப்புங்க பாய். பஸ்ல நின்னுகிட்டுலாம் போவ முடியாது" என்றாள்.