முடியாத கதைக்கு அப்பா சொன்ன பயன்

அப்பா மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது இரண்டு தகரப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் எங்களுக்குத் துணிகளும் பீங்கான் கோப்பைகளும் இருந்தன. மற்றதில் ஓர் ஆங்கில நாவலாசிரியர் எழுதிய கதைப் புத்தகங்கள் மாத்திரம் இருந்தன. அந்த மனிதர் அப்பா பிறப்பதற்கு முன்னரே இறந்துபோனவர். ஆனாலும் அடுத்த வளவு வீட்டுக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோலத்தான் அப்பா அவரைப் பற்றிக் கதைப்பார். அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்ணிற் காட்டக் கூடாது.

அடுத்த வருடம் அக்காவுக்குச் சயரோகம் என்று தெரிந்தது. ஆசுப்பத்திரியில் சில மாதம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு வளவின் கிழக்கு மூலையில் ஒரு கொட்டில் போட்டு அக்காவை அங்கே படுக்கவைத்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. உள்ளே போகக் கூடாது. யன்னலுக்கு வெளியே, அப்பா உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

பின்னேரங்களில் அப்பா அங்கே இருந்து அக்காவுக்கு அந்தப் புத்தகங்களை வாசிப்பார். எங்கள் கோயிலிற் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். முடிவில் எல்லாருக்கும் கடலை கொடுப்பார்கள். கடல் கடந்து போக முன்னர் அப்பா கோயிலிற் பயன் சொன்னவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஆங்கிலத்தில் நாலு வரியை இழுத்து வாசிப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழிற் பயன் சொல்லுவார். அக்கா ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற் படித்தவள். அவளுக்குப் பயன் தேவையில்லை. சின்னவளுக்காகத்தான் என்று அப்பா என்னைக் காட்டுவார். ‘ம்’ கொட்டினால் அக்காவுக்கு இருமல் வரும் என்பதால் அவளுக்குப் பதிலாக நான் ‘ம்’ கொட்டவேண்டும். ஒருவரோடும் வாய் திறவாத எனக்கு அது பெரிய உத்தியோகம்.

அம்மாவின் தம்பியான மாமா ஆங்கிலம் படிப்பிப்பவர். சைக்கிளில் வந்து இறங்கும்போதே தொடங்கிவிடுவார்.

“என்ன அத்தான், வெள்ளைக்காரன்ரை புராணத்துக்குக் கடலை இல்லையோ?”

“நீ வாங்கிக்கொண்டு வா, குடுப்பம்” என்பார் அப்பா.

வாசிப்புக்கு நடுவே அந்த நாவலாசிரியரின் வாழ்க்கையும் வரும். சிறு வயதிலேயே பட்டறை வேலைக்குப் போனவராம். பெரியவரானதும் மாதத்துக்கு ஒரு பகுதியாகக் கதை எழுதி அச்சுக்குக் கொடுத்தாராம். ஒரு கதையில் ஒரு பெண் நோயாய்ப் படுத்துவிட, அவளைச் சாகவிட வேண்டாமென்று எங்கெங்கோ இருந்தெல்லாம் சனங்கள் அவருக்கு எழுதினார்களாம்.

“பிறகு? சாகவிட்டிட்டாரோ?” என்று அக்கா கேட்டாள்.

அப்பா புத்தகத்தின் அட்டையைத் துடைத்தார். “வெய்யில் முகத்திலை படுது. தட்டியைச் சாத்தட்டே?” என்றார்.

மழைக்காலம் தொடங்கும்போது பெட்டியில் ஒரே ஒரு புத்தகந்தான் மிஞ்சியிருந்தது. அது வேண்டாம், பழையதொன்றைத் திருப்பி வாசிக்கிறேன் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அக்கா அதுதான் வேண்டுமென்றாள். அது ஒரு துறைமுகப் பட்டினத்துக் கதை. கப்பலில் போன தமையன் வருவானென்று ஒரு பெண் வாசலிற் காத்திருக்கிறாள். அவன் வரும் வரைக்கும் அந்த வீட்டை விற்கவிடமாட்டேன் என்கிறாள்.

ஒருநாள் மாமா அடுக்களை வாசலில் நின்று, அப்பாவின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அத்தான், உது முடியாத கதையெல்லே? எழுதின மனிசன் பாதியிலை செத்துப்போனான்.”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டார். கோயிலிற் புராணம் தொடங்கினால், படிப்பவர் காய்ச்சலில் விழுந்தாலும் இன்னொருவரை வைத்தாவது முடித்தே தீருவார்கள். இடையில் விட்டால் ஆகாது. அம்மாவுக்குப் புராணமும் ஒன்றுதான், வெள்ளைக்காரன் கதையும் ஒன்றுதான்.

“தெரிஞ்சுகொண்டோ வருத்தக்காரப் பிள்ளைக்கு உதைப் படிக்கிறியள்?”

“பிள்ளை ஆசைப்பட்டது” என்றார் அப்பா. “முடியாட்டி என்ன, நான் முடிப்பன்.”

“அப்ப வாற வெள்ளிக்கிழமை முடியுங்கோ. நான் மோதகம் அவிக்கிறன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அக்காவிட்டை வாய் திறந்தியோ, பார்.”

என்னிடம் அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

அன்றிலிருந்து கதை வேறுவிதமாகப் போயிற்று. தமையன் ஏறிய கப்பல் பினாங்கில் நின்றது. அங்கே கோப்பிக்கடை வைத்திருந்த ஒரு சீனன் வந்தான். மழையில் தண்டவாளம் அரித்துப்போன கதை வந்தது. அப்பா புத்தகத்தை விரித்தபடியே, சில வேளை தாளைத் திருப்பியபடியே சொன்னார். எனக்குப் பழைய கதையிலும் பார்க்க இது நன்றாகப் பிடித்தது. உரத்து ‘ம்’ கொட்டினேன்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போன ஒரு பொழுதில் அக்கா யன்னற்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“கவனிச்சியே, அப்பா இப்ப இங்கிலீசு வாசிக்கிறேல்லை. பயன் மட்டுந்தான் சொல்லுறார்.”

அப்பாவுக்கு வாசிக்கச் சோம்பல், பஞ்சி வந்துவிட்டது என்று குறை சொல்லுகிறாள் என நினைத்தேன். “வாசிக்கச் சொல்லட்டே?” என்றேன்.

“வேண்டாமடி. நீ பேசாமல் ‘ம்’ கொட்டு. அவர் சொல்லட்டும்.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மா தலை முழுகிவிட்டு மா இடித்தார். பின்னேரம் மோதகம் அவியும் நீற்றுப்பெட்டியிலிருந்து வாசனை வளவெல்லாம் வந்தது. அப்பா கதிரையில் இருந்து புத்தகத்தை விரித்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். அம்மா ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்றார் அப்பா. “நாளைக்கு...”

“காணும் அப்பா, போதும்.” அக்காவின் குரல் உள்ளேயிருந்து மெல்ல வந்தது. “கப்பல் விடியவே வந்திட்டுது. அவள் வாசலிலை நிண்டவள். தமையன் தூரத்திலேயே அவளை அடையாளம் கண்டிட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “வீடும் விற்கேல்லை.”

நான் ‘ம்’ கொட்ட மறந்துபோனேன். எனக்குப் பதிலாக அப்பா கொட்டினார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. என் வேலையை அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஏன் புத்தகத்தை முகத்துக்கு அவ்வளவு கிட்டப் பிடித்திருந்தார் என்றும் நான் யோசிக்கவில்லை. கதை முடிந்துவிட்டது, இனி ஒரு குறையுமில்லை என்று அம்மா பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு முதல் மோதகத்தை அக்காவுக்குக் கொண்டுபோனார். அக்கா அதில் ஒரு கடி கடித்தாள்.

மழைக்காலம் முடிய முன்னர் அக்கா போய்விட்டாள். கொட்டிலைப் பிரித்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போன பிறகு, அப்பா தனியே இருந்தபோது பக்கத்திற் போய் நின்றேன். வெகுநாளாக எனக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது.

“அப்பா, அந்தத் தமையன் கப்பலிலை வரேக்கை தங்கச்சிக்கு என்ன கொண்டுவந்தவன்?”

அப்பா என்னைப் பார்த்தார். “அது எனக்குத் தெரியாது பிள்ளை. அக்காவுக்குத்தான் தெரியும்” என்றார்.

புத்தகம் அவருடைய மடியிலேயே கிடந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாதென்றபடியால்தான் மறைக்கிறார் என்று எண்ணி, அன்று இரவு அவரோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமற் படுத்தேன்.